சிக்னல் கேபின் தரைக்கு லினோலியம்: 2.5 மி.மீ. ரோல் எப்படி?

தரையில் ஒட்டும் விரிப்பான லினோலியம் நல்ல சரக்கு. ஆனால் ரயில் சிக்னல்களை லீவர்களால் இயக்கும் பழைய சிக்னல் கேபினுக்குள் அதற்குப் பிடித்தது எதுவுமே இருக்காது. குளிர், ஈரம், மூன்று பக்கமும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், பலகைக்குக் கீழே சூடில்லாத அறை, தரையைப் பிளந்துகொண்டு நிற்கும் லீவர் வரிசை. இதையெல்லாம் முன்கூட்டியே சரிக்கட்டிவிட்டுப் போடுகிற தன்னார்வக் குழுவுக்கு, ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுக்கலாம். ரோல் வந்து இறங்கிய அன்றே விரித்து ஒட்டப்போகிறவர்களுக்கு இரண்டு கூடத் தேறாது. அவர்கள் பணத்தை மிச்சம் பிடித்து, பலகைக்கு எண்ணெய் பூசிவிட்டுப் போகலாம்.

இங்கே பார்ப்பது 2 மீட்டர் அகலம், 2.5 மி.மீ. கனம், அடியில் சணல் துணி உள்ள ஒரே நிற ரோல். ஃபோர்போ நிறுவனத்தின் மார்மோலியம் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். வேறு சில நிறுவனங்களும் செய்கின்றன, சேர்மானத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆளிவிதை எண்ணெய், பைன் பிசின், மரத்தூள், சுண்ணாம்புக்கல் தூள், நிறமி, அடியில் சணல். ஃபிரெடரிக் வால்டன் 1863-ல் காப்புரிமை பெற்ற பொருளின் அடிப்படை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பிரிட்டிஷ் கேபின்களில் பழுப்பு லினோலியம் வழக்கமாக இருந்த காலத்தில் ஸ்காட்லாந்தின் கிர்கால்டி நகரமே இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. ஆகவே இதைப் போடுவது அலங்காரம் அல்ல, இருந்ததைத் திரும்ப வைப்பது.

கடையில் விற்பவர் வினைலைத்தான் முதலில் காட்டுவார். விலை குறைவு, நீர் புகாது, எளிதாக வளையும் என்பார். மூன்றும் உண்மை. ஆனால் கேபினில் நிலக்கரி அடுப்பு உண்டு. கதவைத் திறக்கும்போது தெறிக்கும் கங்கு வினைலை உருக்கிக் குழியாக்கிவிடும். லினோலியம் அந்த இடத்தில் கருகும், அவ்வளவே. லேசான கருகலை நைஸான உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம், நிறம் மேலிருந்து சணல் வரைக்கும் ஒன்றாகவே ஓடுவதால் தேய்த்த இடம் தெரியாது. அடுக்கடுக்காக அச்சடித்த வினைலில் இது நடக்காத காரியம். துண்டைப் பார்த்து எது என்று தெரியாவிட்டால், புரட்டிப் பாருங்கள். சணல் நெசவு தெரிந்து, ஆளிவிதை எண்ணெய் வாடையும் வந்தால் லினோலியம்.

கனம் பற்றி நிறைய யோசிக்க வேண்டாம். 2 மி.மீ. பலகை மேடுபள்ளத்தை மேலே காட்டிக்கொடுக்கும். 3.2 மி.மீ. பழைய தடிமனுக்கு நெருக்கமானது என்றாலும், கேபினின் குளிரில் முரடாக நிற்கும், மூலையில் வெட்டிப் பொருத்துவது கைதேர்ந்தவருக்கே சிரமம். 2.5 போதும்.

மதிப்பீட்டில் பாதி மதிப்பெண் ரோலுக்கு அல்ல, அடியில் இருப்பதற்குத்தான். கேபினின் அமைப்பு அப்படி. மேல்தளத்தில் லீவர்கள். கீழே லாக்கிங் ரூம், அங்கேதான் ஒன்றுக்கொன்று முரணான சிக்னல்களை இழுக்கவிடாமல் தடுக்கும் இன்டர்லாக்கிங் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் அடுக்குப் பலகையும் அதைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளும்தான். கட்டையின் முனை சுவரில் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் முதலில் அழுகும், அதிலும் முன்பக்கச் சுவரில். பக்கவாட்டில் தள்ளும் ஜன்னல்களின் அடிக்காடியில் மழைநீர் தேங்கி, உள்பக்கமாக வழிந்து, சுவர் மேல் படுத்திருக்கும் நீளக்கட்டையில் இறங்கும். எனவே வேலை வரிசை கூரை, நீர்த்தாரை, ஜன்னல், பிறகுதான் தரை. காடியின் வெளிப்பக்கம் நீர் வடியும் துளைகள் பெயின்டால் அடைபட்டிருக்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அந்தத் துளை அடைத்திருக்கும்வரை புதுக்கட்டை போட்டாலும் அதே இடத்தில் அழுகும்.

கட்டையைச் சோதிக்கக் கூர்மையான குத்தூசி போதும். நல்ல மரத்தில் 2, 3 மி.மீ.க்கு மேல் இறங்காது, எடுக்கும்போது நார் கிழியும் சத்தம் கேட்கும். அழுகிய மரத்தில் சத்தமே இருக்காது. ஈரப்பத மீட்டரில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சை வளர இடம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். லினோலியம் ஒட்டுவதற்கு 12 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். மரம் சதுரம் சதுரமாக வெடித்து, பக்கத்தில் துருநிறத் தூளும் வெண்பஞ்சு போன்ற படலமும் இருந்தால் அது உலர் அழுகலாக இருக்கலாம். செங்கலுக்குள்ளும் ஊடுருவிப் போகும் சங்கதி அது, அதற்கென்று தெரிந்தவரை அழைக்காமல் ஒரு பலகையும் போடக்கூடாது. 1 முதல் 2 மி.மீ. துளைகள் வண்டரித்தவை. பழைய துளைகள் இருப்பதே பிரச்சினை அல்ல. கீழே புதிதாக வெளிர்நிறத் தூள் கொட்டியிருக்கிறதா என்பதே கேள்வி.

முனை மட்டும் கெட்ட கட்டையை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை, நல்ல மரம் தெரியும்வரை, அறுத்துவிட்டு அதே உயரமுள்ள புதுக்கட்டையைப் பக்கத்தில் சேர்த்து 12 மி.மீ. போல்ட்டுகளால் முடுக்குவது வழக்கமான முறை. இரண்டு கட்டைக்கும் நடுவே பல்வட்டு (மரத்தைக் கவ்வும் பற்கள் உள்ள இரும்பு வளையம்) வைத்தால் போல்ட் துளையில் ஆட்டம் வராது. எவ்வளவு நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், எத்தனை போல்ட் என்பதைக் கட்டடப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், கண்மதிப்பு இங்கே செல்லாது. சுவருக்குள் போகும் முனையில் போரேட் மருந்து பூசி, அடியில் ஈரத்தடுப்புப் பட்டை வைத்து, முனையைச் சுற்றி 10 மி.மீ. காற்றுவெளி விடுங்கள். சிமென்ட் கலவையை இறுக்கித் திணித்து மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதே மூலை மறுபடி போகும்.

பலகை எடுப்பதில் அவசரம் கூடாது. நாக்கும் காடியுமாக ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், ஏற்கெனவே கெட்டுப்போன பலகை ஒன்றைத் தேர்ந்து அதன் நாக்கை அறுத்து அங்கிருந்து தொடங்குவது நல்லது. ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்கு மேல் ஒரு மில்லி கூட விடாதீர்கள். அடியில் தந்திக்கம்பி, பிளாக் கருவியின் (பக்கத்துக் கேபினோடு ரயில் விவரம் பரிமாறும் கருவி) வயர் ஓடும் மரக்குழாய், லீவரின் வால்பகுதி என்று என்ன இருக்கும் என்று மேலிருந்து தெரியாது. எனவே முதலில் ஒருவர் லாக்கிங் ரூமுக்குள் போய் விளக்கடித்துப் பார்த்து, எந்தப் பலகைக்கு அடியில் என்ன என்று சாக்பீஸால் மேலே குறித்துக்கொள்ள வேண்டும். லீவர்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான லீவர் ஃபிரேமுக்கு அடுத்த இரண்டு பலகைகளைத் தொடாமலிருக்க முடிந்தால் தொடாதீர்கள். சில கேபின்களில் ஃபிரேமின் வார்ப்பிரும்புப் பாகம் அந்தப் பலகை மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஃபிரேம் ரயில்பாதையோடு இன்னும் இணைந்திருந்தால் விஷயமே வேறு. மரபு ரயில்பாதைகளில் இப்படி உயிரோடு இருக்கும் கேபின்கள் உண்டு. சிக்னல் பொறியாளரின் எழுத்து அனுமதியும், ரயில் ஓடாத நேரமும், ஒவ்வொரு லீவர் மேலும் காலரும் (இழுக்கக்கூடாது என்று காட்டும் வளையம்) இல்லாமல் கீழே யாரும் தலை நீட்டக்கூடாது. வெளியே இருக்கும் எதிர்ப்பளு, கம்பியை இழுத்தால் உள்ளே கிராங்க் (இழுப்பின் திசையைத் திருப்பும் இரும்புக் கை) நகரும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கிப்போகும்.

தூசியைப் பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. லீவர் பிளவுகள் வழியாக மரத்தூள் கீழே விழுந்தால் அது நேரே இன்டர்லாக்கிங் தட்டுகளில், கிரீஸ் மேல் போய்ப் படியும். கிரீஸும் தூளும் கலந்தால் சாணைப்பசைதான், அசையும் ஒவ்வொரு பாகத்தையும் தேய்க்கும். பலகையைத் தேய்க்கும் முன் ஒவ்வொரு பிளவிலும் பஞ்சுப்பட்டை செருகி மேலே நாடா ஒட்டி, கீழே தட்டுகள் மேல் பாலித்தீன் விரித்துவிடுங்கள். ஷ்ரூஸ்பரியில் 1903-ல் கட்டிய செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் கேபின் போல 180 லீவர் உள்ள இடமென்றால் இதற்கே ஒரு நாள் போய்விடும். 30 லீவர் கேபினில் ஒரு மணி நேர வேலை. பிளைவுட் அறுப்பதெல்லாம் வெளியே, படிக்குக் கீழே.

தேய்ப்பதற்கு முன் இன்னொன்று. பழைய தரைவிரிப்பு, ஓடு, கறுப்பு ஒட்டுப்பசை ஏதாவது பலகையில் இருந்தால் கை வைக்காதீர்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுத்தடை வந்தது 1999-ல். அதற்கு முன் போட்ட தரை ஓட்டிலும் பசையிலும் அது இருக்கலாம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத் துண்டு அனுப்பி முடிவு வந்த பிறகே அடுத்த வேலை. கேபின் பட்டியலிடப்பட்ட கட்டடமா, அதாவது சட்டப் பாதுகாப்புள்ள மரபுச் சின்னமா என்றும் பாருங்கள். 2013-ல் மட்டும் 26 கேபின்கள் ஒரே தடவையில் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இருந்தால் பலகை மாற்றும் முன் உள்ளூர் திட்ட அலுவலகத்தில் ஒப்புதல் கேட்டுவிடுங்கள்.

லீவருக்கு முன்னால் சிக்னல்மேன் நின்று நின்று பலகை குழிந்திருக்கும். அதை இயந்திரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவதை எதிர்க்கிறோம். அந்தக் குழி கேபினின் வரலாறு, அதைச் சமப்படுத்தப் போனால் மொத்தத் தரையிலும் 4, 5 மி.மீ. மரம் போய்விடும். எழும்பிய ஆணித்தலைகளை 2 மி.மீ. உள்ளே அடித்து, விளிம்பு தூக்கிய பலகைகளை மட்டும் இழைப்புளியால் ஒரு தள்ளு தள்ளி, குழிகளில் மெல்லிய மரச்சீவல் வைத்து நிரப்பி, மேலே பிளைவுட் போடுங்கள். அடியில் பழையது அப்படியே பத்திரமாக இருக்கும். பின்னொரு நாள் யாராவது பிளைவுட்டைக் கழற்றினால் குழியும் அங்கேயே இருக்கும்.

பிளைவுட்டைத் தவிர்க்க முடியாது. பலகை மேல் நேராக ஒட்டினால் பருவத்துக்குப் பருவம் பலகை விரிந்து சுருங்கும் கோடுகள் ஒரு வருடத்துக்குள் மேலே வரும். தரைக்கென்று செய்த 6 மி.மீ. பிளைவுட், விளிம்பில் 100 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 150 மி.மீ.க்கு ஒன்று என்று ஸ்க்ரூ. 2.44 க்கு 1.22 மீட்டர் தாள் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 175 ஸ்க்ரூ பிடிக்கும், எண்ணி வாங்கப் போகிறவர்கள் பாதி வேலையில் கடைக்கு ஓடுவார்கள். ஸ்டேப்ளர் பத்து மடங்கு வேகம், ஆனால் பழைய கட்டடத்தில் ஸ்க்ரூவுக்கே எங்கள் ஓட்டு. பசையெல்லாம் பிளைவுட்டில் இருக்கும், பிளைவுட் வெறும் ஸ்க்ரூவில் இருக்கும், நாளைக்கு மொத்தத்தையும் பலகைக்குக் காயமில்லாமல் கழற்றலாம். பலகை 22 மி.மீ. என்றால் ஸ்க்ரூ 25 மி.மீ.க்கு மேல் வேண்டாம். 30 போட்டால் கூர்முனை லாக்கிங் ரூமின் கூரையில் நீட்டிக்கொண்டு நிற்கும், எண்ணெய் விடப் போகிறவரின் தலையைப் பதம் பார்க்கும். நான்கு தாள்களின் மூலை ஒரே புள்ளியில் சேராமல் செங்கல் கட்டுவதுபோல் தள்ளித் தள்ளி வையுங்கள். முடித்த பிறகு 2 மீட்டர் மட்டக்கட்டை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. பலகையின் அடிப்பக்கத்தை மட்டும் எதைக்கொண்டும் அடைக்காதீர்கள். மேலே லினோலியம் வந்த பிறகு ஈரம் இறங்கி வெளியேற அது ஒன்றுதான் வழி.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது மட்ட உயரம். பிளைவுட் 6, லினோலியம் 2.5, ஆக 8.5 மி.மீ. தரை உயர்கிறது. ஃபிரேமின் வார்ப்பிரும்புத் தட்டு பலகையோடு சமமாக இருந்த கேபினில் இப்போது லீவர் எதிரே ஒரு சிறு படி வந்துவிடும். சிக்னல்மேன் ஒரு காலை ஃபிரேமில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். தொலைவுச் சிக்னலின் கம்பி ஆயிரம் கெஜத்தையும் தாண்டிப் போகும், சாதாரண பலத்துக்கு அது அசையாது. அந்த நேரத்தில் குதிகாலுக்கு அடியில் ஒரு விளிம்பு இடறினால் முதுகு முறிய விழுவார். பிளைவுட்டை ஃபிரேமிலிருந்து 50 மி.மீ. முன்னாலேயே நிறுத்தி, அந்த இடைவெளியில் ஓக் போன்ற கடினமரத்தில் ஒரு சரிவுப்பட்டை செய்து பதியுங்கள். ஒரு பக்கம் 8.5, ஃபிரேம் பக்கம் 1 அல்லது 2 மி.மீ. வார்ப்பிரும்பு விளிம்பு ஒருபோதும் நேர்க்கோடாக இருக்காது, எனவே அட்டையில் அச்சு எடுத்து அதன்படி பட்டையைச் செதுக்க வேண்டும். பதித்த பிறகு ஒவ்வொரு லீவரையும் கடைசிவரை இழுத்துத் திரும்ப விட்டு, லீவரைப் பூட்டி நிறுத்தும் பிடிக்கொக்கி எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். எப்படியும் மாற்றப்போகும் பலகைகள் அங்கே இருந்தால் வேறொரு வழியும் உண்டு. பழையது 28 மி.மீ. என்றால் புதுப்பலகையை 22-ஆக வாங்கினால் பிளைவுட்டின் கனம் அங்கேயே விழுங்கப்பட்டுவிடும்.

தரைக்கதவும் வாசல்கதவும் இதே கணக்கில் அடிபடும். வாசல்கதவின் அடியைக் கழற்றிச் சீவுங்கள். லாக்கிங் ரூமுக்கு இறங்கும் தரைக்கதவு இருந்தால் அதன் மேலும் தனியாகப் பிளைவுட்டும் லினோலியமும் போட்டு, சுற்றிலும் பித்தளைப் பட்டை வையுங்கள். பட்டை இல்லாத விளிம்பு, கதவைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் உதிரும்.

இனி ரோல். உள் அளவு 6 க்கு 3.6 மீட்டர் கேபின் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிரேமும் அதற்கு முன்னால் உள்ள இடமும் 80 செ.மீ. எடுத்தால், பின்னால் 2.8 மீட்டர் அகலத் தரை கிடைக்கும். முழு 2 மீட்டர் அகலத் துண்டு ஃபிரேமை ஒட்டி வரட்டும். இணைப்புக்கோடு லீவரிலிருந்து 2 மீட்டர் தள்ளிப் போய்விடும், இழுக்கும்போது கால் பதியும் இடத்தில் இணைப்பே இருக்காது. இரண்டாவது துண்டில் 80 செ.மீ. பின்சுவர் பக்கம். இரண்டுக்கும் 6.15 மீட்டர் வீதம் 12.3 மீட்டர் வாங்க வேண்டும். மீதமாகும் 1.2 மீட்டர் அகலப் பட்டையில் ஃபிரேமுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள குறுகிய இடம், பதிவேடு எழுதும் மேசையின் மேல்தளம் எல்லாம் முடிந்துவிடும். பிளைவுட் 7 தாள், ஸ்க்ரூ 1,300, லினோலியத்துக்கான அக்ரிலிக் பசை 7 கிலோ. பசை சதுர மீட்டருக்கு 350 கிராம் பிடிக்கும், மிச்சம் பல் கரண்டியிலும் வாளியிலும் போய்விடும்.

6.15 மீட்டர் துண்டு ஒன்று ஏறக்குறைய 37 கிலோ. செங்குத்தான வெளிப்படியில், 2 மீட்டர் நீள ரோலாக, திருப்பத்தில் அதைத் திருப்ப முடியாது. தள்ளும் ஜன்னலைக் கழற்றிக் கயிற்றில் ஏற்றுவது உத்தமம். ரோலை மடக்கிவிடாதீர்கள். குளிரில் லினோலியம் அப்பளம் போல உடையும், 15 டிகிரிக்குக் கீழே விரிக்கவே கூடாது.

குளிர்தான் இந்தப் பொருளின் பெரிய குறை. கேபின் 18 டிகிரியில் இருக்க வேண்டும், ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து ஒட்டிய இரண்டு நாள் கழித்துவரை, இரவிலும். ரோல் அந்த நேரம் முழுக்க உள்ளே, நிற்க வைத்தபடி. பிரிட்டிஷ் வானிலையில் மே முதல் செப்டம்பர் வரை திட்டமிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மின்சார ஹீட்டர் வையுங்கள். கேஸ் ஹீட்டர் வேண்டாம், ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் நீராவி அறைக்குள் சேரும். கஷ்டப்பட்டு 12 சதவீதத்துக்கு இறக்கிய மரம் திரும்ப ஈரம் குடிக்கும்.

விரித்ததும் ஒரு மஞ்சள் படலம் தெரியும், ‘நிறம் மாறிவிட்டது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆலையில் உலரும் அறையில் வருவது அது, வெளிச்சம் பட்டால் தானாகப் போய்விடும். கேபினில் வெளிச்சத்துக்கா பஞ்சம்! ரோலின் நடுவே குறுக்காக ஒரு மடிப்புத்தடம் இருந்தால் மட்டும் கவனியுங்கள். ஆலையில் தொங்கவிட்ட இடம் அது, அங்கே தாள் தட்டையாகப் படியாது. அந்தப் பகுதி உங்கள் துண்டுக்குள் வராமல் வெட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே தயாரிப்பு எண்ணாக இருப்பதும் முக்கியம்.

வெட்டும்போது ஒரு குணத்தை நினைவில் வைக்க வேண்டும். பசையின் ஈரம் ஏறியதும் லினோலியம் நீளத்தில் லேசாகச் சுருங்கும், அகலத்தில் லேசாக விரியும். எனவே நீளமுனைகளைச் சுவரோடு நன்றாக முட்டவிட்டு வெட்டுங்கள். நீளவாக்கிலான இணைப்பை மட்டும் தொட்டும் தொடாததுமாக விடுங்கள். அழுத்திப் பொருத்தினால் மறுநாள் காலை இணைப்பு முழுக்கக் கூரைபோல் எழும்பி நிற்கும். ஆலை விளிம்பில் 15 மி.மீ. சீவிவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கோட்டு ஊசியால் கீறி வெட்டினால் இரண்டும் ஒத்துவரும். இப்போதெல்லாம் சூடாக்கிய கம்பியால் இணைப்பை ஒட்டுகிறார்கள், மருத்துவமனைக்கு அது சரி, கேபினில் பழைய தோற்றம் கெடும்.

பசை தடவியதும் தாளைக் கிடத்தத் தாமதிக்கக்கூடாது. ஈரப்பசையில்தான் லினோலியம் போக வேண்டும். சில நிமிடம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், சணல் முழுக்கப் பசை ஏறியிருக்க வேண்டும். வரிவரியாக மட்டும் ஒட்டியிருந்தால் பசை ஆடை கட்டிவிட்டது என்று அர்த்தம், அந்த இடம்தான் பின்னால் குமிழியாகும். பாதித் துண்டைப் புரட்டும்போது மடிக்காமல் ஓர் அட்டைக்குழாயில் சுற்றிப் புரட்டுங்கள். ஒருவர் பசை, ஒருவர் கத்தி, இருவர் தாள் பிடிக்க. நான்கு பேர் போதும், ஆனால் அந்த நான்கு பேரும் தொடங்கிய துண்டை முடித்துவிட்டுத்தான் தேநீருக்கு எழ வேண்டும். வார இறுதிக் குழுக்களில் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

உருளை வாடகைக்கு எடுக்கும்போது 68 கிலோ உருளையைத் தலையில் கட்டிவிடுவார்கள். அது படியேறாது. துண்டுகளாகக் கழற்றும் உருளையாகக் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு துண்டாக மேலே போய்விடும். முதலில் அகலவாக்கில், பிறகு நீளவாக்கில், அரைமணி கழித்து மறுபடி ஒரு தடவை. ஃபிரேம் அருகிலும் மூலையிலும் கை உருளை.

பராமரிப்பில் ஒரே ஒரு எதிரி: காரம். சோடா, அம்மோனியா கலந்த தரை கழுவும் திரவங்கள் ஆளிவிதை எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். மேற்பரப்பு மங்கி, பிசுபிசுத்து, அழுக்கை இழுக்கும். பிஎச் 7-ஐ ஒட்டிய சோப்பு, பிழிந்த துடைப்பம், அவ்வளவுதான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் விளிம்பு வழியே சணலுக்குள் இறங்கி அழுக வைக்கும். அந்தக் காலத்துச் சிக்னல்மேன்கள் மெழுகு போட்டு முகம் பார்க்கும்படி மினுக்கி வைத்தார்கள் என்பதற்காக நீங்களும் லீவர் எதிரே மெழுகு போடாதீர்கள். ஆலைப் பூச்சோடு வரும் தாளுக்கு அது தேவையும் இல்லை. பார்வையாளர் வரும் கேபினில் வழுக்கும் தரை வேண்டாத வம்பு. ஆசைக்கு அலமாரிப் பக்கம் கொஞ்சம் மினுக்கிக்கொள்ளலாம்.

லினோலியம் எப்போதுமே இல்லாத சிறு கேபின்களுக்கு இதை வாங்க வேண்டாம். பலகையைக் கையால் தேய்த்து, கடினமெழுகு எண்ணெய் இரண்டு மெல்லிய பூச்சு போடுங்கள், அதுவே அங்கே உண்மையான தரை. துடைத்த துணியைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போடுங்கள். உலரும் எண்ணெய் துணிக்குள் தானே சூடேறித் தீப்பிடிக்கும், மரக்கேபினில் அது விளையாட்டல்ல.

நிறம் தேர்ந்தெடுக்கப் பட்டியலைப் புரட்டும் முன் மேசைக்கு அடியில், லாக்கருக்குப் பின்னால், வாசல் நிலைக்குக் கீழே தேடுங்கள். உள்ளங்கை அளவு பழைய துண்டு ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். அதை ஈரத்துணியால் துடைத்துப் பகல் வெளிச்சத்தில் மாதிரித் துண்டுகளோடு வைத்துப் பாருங்கள், விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பழுப்பும் ஒன்றுபோலவே தெரியும். கிடைத்த துண்டைக் குப்பையில் போடாமல், எங்கே கிடைத்தது என்று எழுதி உறையிலிட்டு வைக்கவும். வாங்கிய ரோலின் தயாரிப்பு எண்ணையும், பசையின் பெயரையும், ஒரு முழம் மிச்சத்துண்டையும் அதே உறையோடு லாக்கரில் போட்டுவிட்டால், அடுப்பு முன்னால் ஒட்டுப்போட வேண்டி வரும்போது யாரும் தேடி அலைய வேண்டியிருக்காது.